இட்டேரியும் வெள்ளைக்கோடும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ‘தடம்’ என்னும் சொல், சாலையில் வெள்ளைக்கோடிட்டுப் பிரித்த ஓடுபாதையைக் குறிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, மாட்டுவண்டிச் சக்கரங்கள் மண்ணில் அழுத்திய இரட்டைப் பள்ளத்தையும் அதன்வழிச் செல்லும் பாதையையும் குறித்துவந்தது. இருபுறமும் கிளுவை வேலி நெருக்கும் இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஒற்றைவண்டிப் பாதையில், இடமா வலமா என்ற கேள்வியே எழவில்லை. வண்டிக்காரர் பாரத்தின்மேல் கண்ணயர்ந்தாலும் பழகிய மாடுகள் தடம் பிசகாமல் ஊர் சேர்த்தன. தானியங்கி வாகனம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என வேடிக்கையாகச் சொல்லலாம்.

தார்ச்சாலை வந்தபின்னும் ஒற்றைத் தடத்தின் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒருவழித் தார்ப்பரப்பின் அகலம் 3.75 மீட்டர், லாரியின் அகலமோ ஏறத்தாழ 2.5 மீட்டர் என்பதால், நடுவில் ஓடிய லாரி எதிரே மற்றொன்று வந்தபோது மட்டும் இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி வழிவிட்டது. வலப்புறம் அமர்ந்த ஓட்டுநருக்கு அச்சக்கரங்கள் தெரியா. ஆகவே கிளீனர் எனப்பட்ட உதவியாளர் இடப்புறக் கதவுக்கு வெளியே தலைநீட்டிப் பார்த்து, தகரத்தைக் கையால் தட்டி இடைவெளியை உணர்த்தினார்.

இவ்வட்டாரத்தின் ஊடே செல்லும் 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்கு–தெற்குத் திட்டத்தில் நான்கு தடங்களாக விரிந்து, 2010இல் 44 என எண்மாற்றம் பெற்றது. இயன்றவரை இடப்புறம் ஓட்டுக என்றது 1989ஆம் ஆண்டின் சாலை விதி. ஆயினும் பாரலாரிகள் பல வலத்தடத்தையே பிடித்தன. இதை ஒழுங்கீனம் என்று மட்டும் தள்ளுவது பொருந்தாது. மொபெட்டும் டிராக்டரும் நிறுத்திய வண்டிகளும் கிராமச்சாலைகளும் குறுக்கிடும் இடத்தடத்தில் அடிக்கடி பிரேக் பிடித்து, கியரை இறக்கி, பாரத்துடன் மீண்டும் வேகமெடுக்க டீசல் செலவாகும்.

லாரி ஓட்டுநர் இப்படித் தடத்தைத் தேர்ந்தெடுக்க, தானோட்டி வாகனமோ கேமராவால் கோடுகளைப் படித்து, தடத்தின் நடுவைக் கணித்து ஓடுவது. 1995இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரையிலான பயணத்தில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தொலைவைத் தானே திசைதிருப்பிக் கடந்தது. 3.5 மீட்டர் தடத்தின் நடுவே 2.6 மீட்டர் லாரி நின்றால் இருபுறமும் 45 சென்டிமீட்டர் மிஞ்சும் என்பது கோட்டின் கணக்கு. வைக்கோல் லாரியின் பாரமோ இருபுறமும் பிதுங்கிக் கோட்டுக்கு வெளியே தொங்கும். அதை முந்தும் கார்க்காரர் கோட்டைப் பாராமல், வைக்கோலின் விளிம்பைப் பார்த்தே வலப்புறம் ஒதுங்குகிறார்.