ஓர் அணாவில் நின்ற கூரை

உள்ளாட்சி போர்டுகள் நடத்திய போர்டு சத்திரம் இறந்த தேதியை யாராலும் சொல்ல முடியாது. அதை யாரும் உத்தரவு போட்டு மூடவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை, ஓய்வுபெற்ற காவல்காரருக்குப் பதிலாக ஆள் போடவில்லை. அது போய்விட்டது, அவ்வளவுதான்.

வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டுவது நம் ஊரில் மிகப் பழைய வழக்கம். அரசர்கள் கட்டினார்கள், ராணிகள் கட்டினார்கள், வியாபாரிகள் புண்ணியத்துக்காகக் கட்டினார்கள். நான் இங்கே அழுவது அவற்றுக்காக அல்ல; குடியானவனின் வரிப்பணத்தில் நின்ற சத்திரத்துக்காக. 1817இல் சென்னை மாகாணத்தில் வந்த ஏழாவது ரெகுலேஷன் சத்திரங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெவின்யூ போர்டு பார்வைக்குக் கொண்டுபோனது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் அவற்றுக்கு வருமானம் காட்டியது. நிலத்தின் மீது ரூபாய்க்கு ஓர் அணா வரை செஸ் வரி போடலாம். அந்தப் பணத்தில் சாலை, ஆஸ்பத்திரி, சந்தை, கிணறு, சத்திரம் எல்லாம் நடக்கலாம். 1884இல் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. நம் தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான்.

ஒரு திண்ணை, ஒரு கிணறு, பொங்கித் தின்ன ஓர் அடுப்பு, பூட்டுச் சாவியோடு ஒருவர். போர்டு சத்திரம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். மூன்று நாள் தங்கலாம் என்பது பரவலான வழக்கு. எந்த ஊர், நிலம் உண்டா, பட்டா யார் பேரில் என்ற கேள்வி திண்ணைக்குக் கிடையாது. மழை பொய்த்துக் கோலார் தங்கவயலுக்குக் கிளம்பிய குடும்பமும், அண்ணன் தம்பிச் சண்டையில் வெளியேறியவரும் அடுத்த வேலைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவில் தெருவில் விழாமல் இருக்க அந்த மூன்று இரவு போதுமானதாக இருந்திருக்கும். வீடு கொடுப்பது வேறு, வீடற்றுப் போகாமல் தடுப்பது வேறு. சத்திரம் இரண்டாவது வேலையைச் செய்தது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் முன்னால் சத்திரம் எம்மாத்திரம்? 1871இல் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்குள் சுருங்கிவிட்டது. இனிமேல் பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்று 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறும்பாதை ரயில் போட்டார்கள். 1941இல் அதுவும் நின்றுபோனது.

இரங்கல் எழுதும்போது குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். சத்திரத்துத் திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருக்கவில்லை. பிராமணருக்குத் தனி அடுப்பு இருந்தது; தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவருக்குப் பல இடங்களில் வாசலே இல்லை. அவர்கள் கொடுத்த வரி மட்டும் உள்ளே போனது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லோருக்கும் உரியது என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. சத்திரம் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கணக்கையும் அது தீர்த்திருக்க வேண்டும். அதற்குள் பஸ் வந்தது, லாட்ஜ் வந்தது. காசு உள்ளவனுக்குச் சத்திரம் தேவைப்படவில்லை. காசில்லாதவனுக்காகப் பேச ஆளில்லை.

தாலுகா போர்டுகள் 1934இல் கலைந்தன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. சொத்து கைமாறியது, பொறுப்பு கைமாறவில்லை. பழைய சத்திரக் கட்டடங்கள் பலவற்றில் ஏதாவது ஓர் அலுவலகம் குடியேறியது.

பிறகு வீடு கட்டும் பணம் மேலிருந்து வரத் தொடங்கியது. 1985இல் இந்திரா நினைவு குடியிருப்பு, 2010இல் கலைஞர் வீடு, 2011இல் பசுமை வீடு, 2016இல் பிரதமர் வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம். இவற்றால் குடிசையில் இருந்த லட்சக்கணக்கானோருக்குக் காங்கிரீட் கூரை கிடைத்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வீடு, பட்டியலில் பெயர் உள்ளவருக்கு, மனை உள்ளவருக்கு. பட்டியல் தயாரான அன்று கரும்பு வெட்டப் போயிருந்தவர் அதில் இல்லை. 2010இல் உச்ச நீதிமன்றம் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்று சொன்னது நகரங்களுக்கு. 2011 கணக்கின்படி தருமபுரி மாவட்டத்தின் 15 லட்சம் பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிராமத்தில் இருந்தார்கள். தருமபுரி நகராட்சியிலேயே அப்போது 70 ஆயிரம் பேர்கூட இருக்கவில்லை.

கூரையற்றவருக்கான பணம் கரைந்துபோவது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. இங்கிலாந்தில் 2003இல் வீடிழக்கும் நிலையில் இருப்பவர்கள் உள்ளிட்டோரைத் தாங்கிப் பிடிக்க உள்ளாட்சிகளுக்கு முதல் ஆண்டில் சுமார் 180 கோடி பவுண்டு தனியாக ஒதுக்கினார்கள். 2009இல் அந்தப் பணத்தை வேறெதற்கும் செலவழிக்கலாம் என்று வேலியை எடுத்தார்கள். பிறகு பல கவுன்சில்களில் அந்தச் சேவைகள்தான் முதலில் வெட்டுப்பட்டன. பெயர் எழுதாத பணத்தில் ஏழையின் பங்கு முதலில் காணாமல் போகும். ரூபாய்க்கு ஓர் அணா என்று வசூலித்த காலத்தில் பணம் சிறியதுதான். ஆனால் அதன் கணக்கில் சத்திரம் என்று ஓர் இனம் இருந்தது.

சட்டம் இன்னும் சாகவில்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஒன்றியங்களுக்குச் சொல்லும் பணிகளில் ஏழைகள் இல்லம் கட்டுவதும் வீட்டுமனை ஏற்படுத்துவதும் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் தெருவிளக்கு, குடிநீரோடு இதையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: ஒன்றிய நிதியில் பட்டா கேட்காத ஒரு தங்குமிடம், அதற்குத் தனிக் கணக்குத் தலைப்பு, ஒரு காவலர், சாதி கேட்காத ஒரு வாசல்.