இறங்காமல் போவது: கொங்கு நாட்டுத் தெருவும் சிறுவண்டியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரும்பொருளைப் பற்றிப் பேசுவது வழக்கம். நிலம், கோயில் நுழைவு, இடஒதுக்கீடு என்று இம்மேடையிலும் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொள்வது ஐம்பது சிசி மொபெட்டும் நூறு சிசி பைக்கும். நம் வளவுகளில் முதல் தலைமுறை வாங்கி ஓட்டிய சிறுவண்டி. இதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். ஒரு மனிதன் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஓர் ஊரின் நடுத்தெருவைக் கடந்து போக முடியுமா என்பது கொங்கு நாட்டில் நீண்ட காலம் விடை கிடைக்காத கேள்வியாக இருந்தது. அதனால்தான் இதை வரலாறு என்கிறோம்.

1. முதலில் ஏறியவர்

கோவையின் மோட்டார் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜி.டி. நாயுடுவிடமிருந்து தொடங்குவார்கள். தொடங்கவும் வேண்டும். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்து, அதுபோல ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்தார். ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் இந்த நகரத்தின் தொழில் அடையாளமாகவே ஆனார்.

அவருடைய உழைப்பையும் அறிவையும் நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கதையின் ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். அதே ஆண்டுகளில் ஓர் அருந்ததியர் இளைஞன் அதே வண்டியைப் பார்த்து அதே ஆசை கொண்டிருந்தால்? ஓட்டலில் பரிமாறும் வேலை அவனுக்குக் கிடைத்திருக்காது. அவன் கை பட்ட இலையில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கவே அவனுக்கு இடமில்லை. கூலி தானியமாக வந்ததால் சேர்த்து வைக்கக் காசு இல்லை. எல்லாம் மீறி வண்டியை வாங்கியிருந்தாலும் அதை எந்தத் தெருவில் ஓட்டுவது? ஆசையும் திறமையும் எல்லாச் சாதியிலும் பிறக்கின்றன. அவை நடந்து போகும் வழி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

2. வண்டிக்கு முன்னே இருந்த தெரு

மின்மோட்டார் வருவதற்கு முன் கொங்குக் காட்டில் தண்ணீர் கவலை ஏற்றத்தில்தான் ஏறியது. கிணற்றிலிருந்து நீரை அள்ளிய தோல்பறியைத் தைத்தவர்கள் அருந்ததியர். செருப்பைத் தைத்தவர்களும் அவர்களே. ஆனால் தாங்கள் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஊர் எல்லையில் செருப்பு கைக்கு வரும். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போகும். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்தது. கிணறுகளில் மோட்டார் பரவப் பரவத் தோல்பறி போயிற்று. தோல்பறியோடு ஒரு கைத்தொழிலும் போனது, பண்ணையத்து ஆள் என்ற நிலை மட்டும் போகவில்லை.

வாகனத்தில் தீண்டாமை என்பது கொங்குக்கு மட்டும் உரியதும் அல்ல. 1901இல் சிறுவன் அம்பேத்கர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, சாதி தெரிந்த பிறகு எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929இல் அவர் படித்துப் பட்டம் பெற்று வந்தவர். அப்போதும் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச் செல்ல மறுத்தார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் வண்டியை ஓட்ட, அது பாலத்தில் விபத்துக்குள்ளாகி அம்பேத்கருக்குக் காலில் முறிவு ஏற்பட்டது. அவருக்கும் முன்பே, 1893இல், திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றை வாங்கி, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக் காட்டினார். சொந்த வண்டி, அதில் தானே அமர்ந்து போவது, அதுவும் பொதுவழியில் போவது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது கலகம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பக்கத்தில் 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாருக்கும் தடை இல்லை என்பது அதன் சாரம். அதே அவையில் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் தெருவுரிமைக்காகக் குரல் கொடுத்தார். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு வீரையன் பெயர் தெரியும்? தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஆனால் அரசாணை நடமாடிய வேகத்தில் நம் மக்கள் நடமாட முடியவில்லை.

3. மிதிவண்டியும் மொபெட்டும்

மிதிவண்டி வந்தபோது பழைய விதி புதிய பொருளுக்குத் தாவியது. ஊருக்குள் நுழையும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இட்டேரியில் எதிரே கவுண்டர் வந்தால் இறங்கி வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். மறந்துவிட்டால் "எறங்கி வாடா" என்ற சத்தம் வரும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம் இது. மிதிவண்டி இதற்கு வளைந்து கொடுத்தது. இறங்குவதும் தள்ளுவதும் எளிது, நிறுத்துவதும் எளிது. பின்னால் இருந்து கேரியரைப் பிடித்தால் போதும்.

இந்த இடத்தில்தான் ஓசூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. 1980இல் அங்கே உற்பத்தியான டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட். கியர் இல்லை. மிதிக்கட்டை உண்டு. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். நெல்மூட்டை, பால்கேன், கொத்தனார் சட்டி, பெண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் சுமக்கும். எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் நூறு சிசி பைக்குகளும் வந்தன. முதலில் அவை ஊருக்குள் வந்தன. பழைய வண்டியாகக் கைமாறி, கொஞ்சம் கழித்து வளவுக்குள்ளும் வந்தன.

இந்தச் சிறு எந்திரம் பழைய விதியை மூன்று வகையில் சிக்கலாக்கியது. முதலாவது வேகம். போகிற வண்டியைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டாவது சத்தம். மிதிவண்டி பேசாமல் போகும். மொபெட் வருவதை ஊரே கேட்கும், யார் வண்டி என்று சத்தத்திலேயே தெரியும். மூன்றாவது, இருக்கை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நின்றபடி கும்பிடுவதற்குப் பழக்கப்பட்ட உடம்பு, இப்போது அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்தபடி கடந்து போகிறது. இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கின்றன. கும்பிட ஒரு கையும் மிச்சமில்லை. ஆதிக்க சாதிக்கு எரிச்சல் தந்தது வண்டியின் விலை மட்டுமல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

அப்போதும் விதி உடனே சாகவில்லை. ஊர் எல்லையில் எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. நடுத்தெருவைத் தவிர்த்து இட்டேரி வழியே சுற்றிப் போனவர்களும் உண்டு. தேநீர்க் கடையில் தனித் தம்ளர் தொடர்ந்த ஊர்களில், தனித் தம்ளரில் குடித்துவிட்டு ஏறிப் போவதற்குச் சொந்த வண்டி வெளியே நின்றது. சமத்துவம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கு அந்தக் காட்சியே போதும்.

4. வண்டி கொடுத்த வேலை

கொங்குக் கிராமங்களை 1981-82 தொடங்கி இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து ஆய்ந்தவர் ஜூடித் ஹேயர். சுற்றிலும் பஞ்சாலையும் பின்னலாடையும் வளர்ந்தபோதும், அருந்ததியர் வெகுகாலம் விவசாயக் கூலியிலேயே தேங்கி நின்றதை அவர் ஆய்வு காட்டியது. தொழிற்சாலை பத்துக் கல் தொலைவில்தான் இருந்தது. அந்தப் பத்துக் கல்லைக் கடப்பதுதான் வினா.

திருப்பூரின் ஒன்றரை ஷிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வர வேண்டும். டவுன் பஸ் நாளைக்கு இரண்டு மூன்று நடை மட்டும் வரும் ஊரில் வளவு இருந்தால் அந்த வேலைக்குப் போக முடியாது. பழைய எக்ஸெல் ஒன்று வீட்டு வாசலில் நின்றால் போக முடியும். அண்ணன் ஓட்ட, தம்பி பின்னால் உட்கார, ஒரு வண்டியில் இரண்டு கூலி நகரத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தது. பண்ணாடி "நாளைக்கு வா" என்றால் "வேலை இருக்குதுங்க" என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல் எத்தனை தலைமுறைக்குப் பிறகு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதை நாம் மிகைப்படுத்தவும் கூடாது. விசைத்தறிப் பகுதிகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கடனுக்குள் கட்டுண்டு கிடந்தன. வண்டியும் பெரும்பாலும் தவணையில்தான் வந்தது. தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பண்ணையக் கடனுக்கு வட்டியாக உடம்பே போனது. தவணைக் கடனுக்கு வண்டி போகும். இந்த வேற்றுமை உண்மையானது, ஆனாலும் கடன் கடன்தான்.

5. சட்டம் வண்டியைக் கண்டுகொண்ட நாள்

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு பொதுச்சாலையைத் திறந்தது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தண்டனை விதித்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் வழி பற்றிய உட்பிரிவு, பொது இடத்துக்குச் செல்ல 'வழக்கமாக உள்ள' உரிமையை மறுப்பது குற்றம் என்றது. மாணவர்கள் இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். வழக்கமே நமக்கு எதிராக இருக்கும்போது, வழக்கமான உரிமை என்பது எவ்வளவு தூரம் வரும்? செருப்போடு நடப்பதும் வண்டியில் உட்கார்ந்து போவதும் எந்த ஊரில் நமக்கு வழக்கமாக இருந்தன?

இந்த இடைவெளியை 2015இன் திருத்தம் அடைத்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின்படி 3(1)(இசட்ஏ) பிரிவு, பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதை, அதில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுதியது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. நாடாளுமன்றம் மோட்டார் சைக்கிளைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்தது என்றால், அந்தக் குற்றம் நாடெங்கும் நடந்து வந்தது என்றுதான் பொருள். நம் தாத்தாக்கள் ஊர் எல்லையில் இறங்கியதற்கு அரசு தந்த ஒப்புதல் வாக்குமூலம் இது.

6. எரிவதும் வெட்டுப்படுவதும்

வண்டி நமக்கு எவ்வளவு பொருள் தருகிறதோ, அவ்வளவு பொருளை எதிரியும் அதில் காண்கிறான். 2012 நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது வீடுகளோடு இருசக்கர வாகனங்களும் எரிக்கப்பட்டன. அழிக்கப்பட்டவை எல்லாம் கூலி வேலைக்கு வெளியூர் போய்ச் சம்பாதித்த பொருள்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் அந்த வண்டியை ஓட்டியதே காரணம் என்பது குடும்பத்தின் புகார். கைப்பிடியைப் பிடித்த கையைத்தான் வெட்டினார்கள்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றவர்கள் வந்ததும் போனதும் மோட்டார் சைக்கிளில்தான். எந்திரம் எந்தப் பக்கமும் சாராது. யார் எதற்காக ஓட்டுகிறார்கள் என்பதை அதன் சக்கரம் கேட்பதில்லை. நவீனப் பொருள் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு உடுமலை விடை சொல்லிவிட்டது.

7. நமக்குள்ளே

தோழர்களில் சிலர் கேட்பார்கள்: நிலம் கேட்க வேண்டிய இயக்கம் வண்டியைப் பற்றிப் பேசலாமா? இது நுகர்வு ஆசை இல்லையா? நிலக் கோரிக்கையை நாம் ஒருநாளும் கைவிடவில்லை. ஆனால் நிலத்துக்கு மனுக் கொடுக்க வட்டாட்சியர் அலுவலகம் வரை போகிறவன் எப்படிப் போகிறான் என்பதும் இயக்கத்தின் கேள்விதான். நம் கூட்டங்களுக்கு இரவில் ஊர் ஊராகப் போனவர்கள் மொபெட்டில்தான் போனார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த இடங்களில் சேர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்வரும் வழியும் இதே தெருதான்.

பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் மிதிவண்டி பழகியதை நாடே வியந்தது. 2001-02இல் தமிழக அரசின் இலவச மிதிவண்டித் திட்டம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளிடமிருந்துதான் தொடங்கியது; எல்லா மாணவர்க்கும் விரிந்தது பிறகு. இருந்தும் நம் வளவுகளில் வண்டிச் சாவி ஆண்களின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. துப்புரவுப் பணிக்கு விடியலில் போகும் அக்கா பின்னால் உட்கார்ந்துதான் போகிறார், அல்லது நடந்து போகிறார். ஊர்த் தெருவில் இறங்க மறுத்த நாம், வீட்டுப் பெண்ணுக்கு முன்னிருக்கையைத் தர மறுத்தால் அது எந்த வகை விடுதலை?

8. செய்ய வேண்டியது

இந்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. நாம் இன்று சொன்னது அதன் ஓரம் மட்டுமே. மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். உங்கள் வளவில் முதல் வண்டி வாங்கியவர் யார்? எந்த ஆண்டு? பழைய வண்டியா, புதியதா? ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருந்தது? ஜாமீன் கையெழுத்து யார் போட்டார்? ஊர்த்தெருவில் முதல் முறை இறங்காமல் போன நாளில் என்ன நடந்தது? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தையும் தவணை அட்டையையும் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அவை நம் பட்டயங்கள்.

செயல்பாட்டாளர்களிடம் இன்னொன்று. வண்டியை மறித்தார்கள், இறங்கச் சொன்னார்கள் என்று யாராவது வந்தால், அதைச் சாதாரணத் தெருத் தகராறு என்று காவல் நிலையம் எழுத விடாதீர்கள். 3(1)(இசட்ஏ) என்று பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். சட்டத்தில் அந்த வரி எழுதப்பட நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. முதல் தகவல் அறிக்கையில் அதை எழுத வைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகக் கூடாது.

ஜெய் பீம்.