புள்ளிக்குப் பின்னால் நிற்கிற வாக்குகள்

பைதன் மொழியில் 2.91ஐ முழுஎண்ணாக மாற்றச் சொன்னால் 2 எண்டுதான் வரும். மூன்றுக்குக் கிட்ட வந்துட்டுதே எண்டெல்லாம் அது பார்க்காது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும்.

வாக்கை ஆசனமாக்கும்போதும் இதே சிக்கல்தான். முக்கால்வாசி எம்.பி. எண்டு ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப ஏலாதே.

1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஐ.தே.க.வின் ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவானார்கள். முஸ்லிம்களும் தமிழரும் சேர்ந்து வாழ்கிற ஊர்களை 'ஒன்று' என்ற எண்ணுக்குள் அடக்க ஏலாது என்பதற்கான ஏற்பாடு அது. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்த பிறகு கணக்கு முழுவதும் திகாமடுல்ல மாவட்டத்துக்குத்தான்.

அந்தக் கணக்கு 99ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நாங்கள் ஒரு கற்பனை மாவட்டத்தை எடுப்போம்: 7 ஆசனம், மூன்று கட்சி, 3,50,003 வாக்கு. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஆறு. வாக்கை ஆறால் பிரித்தால் 58,333.83, பின்னம் வந்தால் அடுத்த முழுஎண்ணுக்கு ஏற்றச் சொல்கிறது சட்டம். ஆக 58,334. கட்சிகள் எடுத்தது 1,70,000, 1,00,000, 80,003 என்றால், பிரித்து வருவது 2.91, 1.71, 1.37. இப்ப பைதன் மாதிரி வெட்டு: 2, 1, 1. நாலு ஆசனம்தான் நிரம்புது. பைதன் இதோட நிண்டுடும். சட்டம் நிற்காது, வெட்டிய மிச்சத்தைத் திரும்ப எடுத்து, கூடிய மிச்சம் உள்ள முதல் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொன்று கொடுக்கும். மூன்றாவது கட்சியின் 21,669 வாக்குக்கு ஒன்றுமில்லை.

ஆனால் பெரிய வெட்டு இந்தப் பிரித்தலுக்கு முந்தியே விழுகிறது. ஆரம்பத்தில் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், எடுக்காத கட்சி கணக்குக்குள்ளேயே வராது. மூன்றரை லட்சம் வாக்கில் 40,000 எடுத்தாலும் பூச்சியம்தான். 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்பு, 15ஆவது திருத்தம் இதை 5 வீதமாக்கியது. பிரேமதாசவிடம் அஷ்ரப் கேட்டு வாங்கியது எண்டு எங்கட பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். எங்கள் பார்வையில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் அம்பாறைக் கரைக்கு அதனால் பெரிய வித்தியாசம் வந்திராது. சிதறி வாழ்கிற மாவட்டங்களுக்குத்தான் அது உயிர். 1989 பெப்ரவரியில் இந்த முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸுக்கு தேசியப்பட்டியலோடு சேர்த்து 4 ஆசனம் கிடைத்தது.