ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துக் கத்தோலிக்கரின் திருவருகைக்காலம்

கிறிஸ்தவத் திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்துடன் தொடங்குகின்றது. அந்திரேயாவின் திருநாளாகிய நவம்பர் 30ஆம் திகதிக்கு அண்மித்த ஞாயிற்றுக்கிழமையிலே தொடங்கி, நத்தார் வரையுள்ள நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கும் இக்காலத்தை ‘ஆகமன காலம்’ எனவும் வழங்குவர். மீட்பரின் வருகைக்காக மக்கள் ஒன்றுகூடிக் காத்திருத்தலே இதன் உட்பொருளாகும். ஈழத்துக் கத்தோலிக்கரின் வரலாற்றிலே இக்காத்திருப்பு ஆண்டுக்கு நான்கு வாரங்களுடன் முடிந்துவிடவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலே, ஒரு தலைமுறைக்காலம் முழுவதும் குருவானவரின்றியும் கோயிலின்றியும் ஒரு சமூகம் காத்திருந்தது. அச்சமூகம் தன் நம்பிக்கையை எவ்வாறு காத்துக்கொண்டது, அதற்குத் துணைநின்ற சமூக அமைப்பு யாது என்பனவற்றை நோக்குதல் பயனுடைத்து.

1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி வர்த்தகத்தையே முதன்மையாகக் கருதியதாயினும், கத்தோலிக்கரைப் பொறுத்தவரை கடும் போக்கையே கைக்கொண்டது. இதற்குச் சமயக் காரணத்தோடு அரசியற் காரணமும் உண்டு. கோவா தொடர்ந்தும் போர்த்துக்கேயர் கையிலிருந்தது. அவர்கள் மீண்டும் படையெடுத்து வருவாராயின் கத்தோலிக்கர் அவர்களுக்குத் துணைபோவர் எனக் கொம்பனி அஞ்சியது. எனவே பிரான்சிஸ்கு சபையினரும் இயேசு சபையினரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றம் என அவ்வாண்டிலேயே கட்டளை பிறப்பிக்கப்பட்டது.

தெல்லிப்பழை, சங்கானை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களிலே போர்த்துக்கேயர் எழுப்பிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. 1665ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பல்தேயஸ் பாதிரியார் 1672ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கோயில்களின் படங்களையும் விவரங்களையும் காணலாம். திருமுழுக்கும் திருமணமும் சீர்திருத்தத் திருச்சபையிற் பதியப்பட வேண்டியிருந்தன. பதிவு இல்லையேல் உத்தியோகமும் இல்லை. பிள்ளைகளின் சொத்துரிமையும் ஐயத்துக்குரியதாகும். இதன் விளைவாகக் கத்தோலிக்கரும் சைவரும் பெயரளவிலே புரொட்டஸ்தாந்தராகப் பதிவேட்டில் இடம்பெற்றனர். ஏட்டில் ஒரு சமயமும் வீட்டில் இன்னொரு சமயமுமாக வாழும் நிலை யாழ்ப்பாணச் சமுதாயத்தில் வேரூன்றியது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கத்தோலிக்கர் பட்ட துன்பம் ஈழத்தமிழருக்குப் புதியதன்று. 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பிலிப் டி ஒலிவேறா 1621ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தகர்ப்பித்தான். அதன் பின்னர் சைவர் தம் வழிபாட்டை மறைவில் நடத்த வேண்டியவராயினர். போர்த்துக்கேயர் காலத்தில் ஆளுவோரின் சமயத்தவராக விளங்கிய கத்தோலிக்கர், ஒல்லாந்தர் காலத்தில் அயல்வீட்டுச் சைவர் முன்னரே அறிந்திருந்த மறைவு வாழ்வை அறியலாயினர். கார்த்திகை விளக்கீடும் மார்கழித் திருவெம்பாவையும் நிகழும் அதே மாரிக்காலத்திலேதான் திருவருகைக்காலமும் வருகின்றது. ஒரே மழையிலே, ஒரே ஊரிலே, இரு சமயத்தவரும் கதவை அடைத்துக்கொண்டு வழிபட்ட காலம் அது. ஆட்சியின் துணையுடன் பரவும் சமயம் ஆட்சி மாறும்போது எதை இழக்கும், எதை இழக்காது என்ற வினாவுக்கு இக்காலமே சிறந்த உரைகல் எனலாம்.

கத்தோலிக்கர் இழந்தவை பல. குருவானவர் இல்லையேல் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆயினும் அவர்கள் அனைத்தையும் இழந்துவிடவில்லை. இடுக்கண் வேளையில் எவரும் திருமுழுக்கு வழங்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. செபமாலை ஓதுவதற்குக் கோயில் வேண்டியதில்லை. ஞானோபதேசத்தைத் தாய் பிள்ளைக்கு வாய்மொழியாகவே கற்பிக்கலாம். மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்த ‘நத்தார்’, ‘பாஸ்கு’ என்பன ஒல்லாந்தர் ஆட்சி முழுவதையும் கடந்து இன்றும் ஈழத்துத் தமிழ்ப் பேச்சில் நிலவுகின்றன. ஒரு திருநாளின் பெயர் இவ்வாறு நிலைப்பதற்கு அத்திருநாளை ஆண்டுதோறும் எண்ணிக் காத்திருந்த இல்லங்கள் இருந்திருத்தல் வேண்டும்.

மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில வன்னிக் காட்டிலுள்ள மடுவுக்குக் கொண்டுசென்று பாதுகாத்தன என்பது வழிவழி வந்த மரபு. கொம்பனியின் பிடி தளர்ந்திருந்த காட்டுப் பிரதேசமே கட்டடமில்லாத் திருச்சபைக்குப் புகலிடமாயிற்று. பிற்காலத்தில் ஈழத்தின் பெரும் யாத்திரைத் தலமாக மடு வளர்ந்ததற்கு வித்து இம்மறைவு வாழ்விலேயே இடப்பட்டது.

இக்காத்திருப்புக்கு விடையாக வந்தவர் யோசேவாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவிலே கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்திற் பிறந்த இவர், 1687ஆம் ஆண்டு ஈழத்தை அடைந்தார். இவர் ஐரோப்பியர் அல்லர் என்பது இவ்வரலாற்றிலே முக்கியமானது. வெள்ளைக் குருவானவர் ஒருவர் யாழ்ப்பாணத் தெருவில் இறங்கிய அன்றே பிடிபட்டிருப்பார். கூலியாள் போலவும் பிச்சைக்காரர் போலவும் உடுத்த இவரையோ எவரும் ஐயுறவில்லை. நோயுற்றுத் தளர்ந்த நிலையிலும் கழுத்திலே செபமாலையை அணிந்தபடி வீடுவீடாகச் சென்றார். பிச்சை இடுவோரிற் சிலரின் பார்வை அம்மாலையிற் படிவதைக்கொண்டு கத்தோலிக்கர் யாவர் என அறிந்தார். சில்லாலை அவருக்குப் புகலளித்தது. தமிழ் கற்று, இரவுகளில் வீடுகளிலே பூசை செய்து, பொழுது புலருமுன் வேறிடம் செல்வது அவர் வழக்கமாயிற்று.

1690ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் நத்தார் இரவுப் பூசைக்காக வீட்டிற் கூடியிருந்தபோது ஒல்லாந்தப் படையினர் உட்புகுந்தனர். திருவருகைக்காலம் நிறைவுறும் அந்த இரவில் மக்கள் திரளுவர் என்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர் போலும். கூடியிருந்தோர் கைதாயினர், முன்னின்றோர் கசையடிக்கும் சிறைக்கும் உள்ளாயினர், அடியினால் உயிர்நீத்தாரும் உளர். அடிகளாரோ அகப்படவில்லை. காட்டிக்கொடுத்துத் தப்பும் வழி அங்கிருந்தோருக்கு இருந்தது. ஆயினும் அவர்கள் வரவேற்ற குருவானவர் ஒல்லாந்தரின் கைக்கு எட்டவேயில்லை. நம்பிக்கை என்பது தனியொருவரின் உள்ளத்து உணர்ச்சி மட்டுமன்று, ஒருவர்க்கொருவர் காக்கும் வாய்மையுமாகும் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

அதன்பின் அடிகளார் புத்தளப் பகுதிக்கும், 1692ஆம் ஆண்டு கண்டிக்கும் சென்றார். போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்று அங்கும் சிறையிடப்பட்டார். எனினும் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் காலப்போக்கில் அவருக்குப் பணிபுரியும் சுதந்திரம் அளித்தான். கிறிஸ்தவ அரசொன்று மறுத்ததைப் பௌத்த அரசொன்று வழங்கியமை மனங்கொள்ளத்தக்கது. 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியபோது சமயவேறுபாடு பாராது நோயாளரைப் பேணி அடிகளார் அந்நன்றிக்கடனைத் தீர்த்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியிலேயே காலமானார்.

அவர் விட்டுச்சென்றது ஓர் அமைப்பு. கோவாவிலிருந்து வந்த குருமார் மிகச் சிலரே, ஊர்களோ பல. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குருவானவர் வருவதே அரிது. ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் மூப்பர், அண்ணாவி முதலியோர் பொறுப்பேற்றனர். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்விப்பதும், ஞானோபதேசம் கற்பிப்பதும், குருவானவர் வரும்போது திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் உரியவரை ஆயத்தப்படுத்துவதும் இவர்கள் கடமைகளாயின. 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் இயற்றிய நூல்கள் இவர்கள் கைக்கு ஏற்ற துணையாயின. குருவானவரின் வாயாற் கேட்க வேண்டியதை மக்கள் ஏட்டிலிருந்து தாமே படித்து வழிபட இயன்றது.

1796ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. 1806ஆம் ஆண்டு தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்திற் பிறப்பித்த சட்டம் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அப்பொழுது வெளிப்பட்ட உண்மை வியப்புக்குரியது. ஏறத்தாழ 140 ஆண்டுகளாக அரசின் பாடசாலைகளும் பதிவேடுகளும் வளர்த்த திருச்சபையைப் பெயரளவில் அதைச் சார்ந்திருந்த பெருந்தொகையினர் விரைவிலே கைவிட்டனர். மறைவில் இருந்த சைவமும் கத்தோலிக்கமுமோ வெளிப்பட்டு நின்றன. ஏட்டிற் பதிந்த சமயம் ஏட்டோடு போக, வீட்டிற் காத்த சமயம் நிலைத்தது.

2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்து, அன்றே மடுவுக்கும் சென்றார். அடிகளாரின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் வந்தபோது அவரை இனங்கண்டு கதவைத் திறக்க ஒரு சமூகம் ஏற்கெனவே இருந்தது. 29 ஆண்டுகள் குருவானவர் எவரும் நிலையாகத் தங்காத ஊர்களிலே, பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்த பெயரறியாத் தாய்மார் பலர் வாழ்ந்தனர். செபமாலையைக் கண்டதும் அதன் பொருளை உணர்ந்த கண்கள் அவர்கள் வளர்த்தவையே. குருவானவரின் வருகையைத் திருவருகையாக்கியது அம்மக்களின் காத்திருப்பேயாகும்.