ஊவா மலைச் சாலையின் விந்தைச் சின்னங்கள்

பேரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை ஆகிய ஊர்களைக் கடந்து பதுளையை நோக்கிச் செல்லும் வழி, இலங்கை மலைநாட்டின் எழில் மிக்க வழிகளுள் ஒன்றாகும். இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள் படிப்படியாய் உயர்ந்து நிற்கும். வழிச்செல்வோர் ஊர்தியை நிறுத்தி வியந்து நோக்கும் சின்னங்கள் சில இவ்வழியை அண்டியுள்ளன. அவை ஒவ்வொன்றையும் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கதை வரலாறு ஆகாது. எனினும், ஒரு நாடு எவரை நினைவிற் கொண்டது, எவரை மறந்தது என்பதனைக் கதைகளே நன்கு உணர்த்தும்.

அப்புத்தளைக்கு அணித்தாய், தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உச்சியில், ‘லிப்டன் இருக்கை’ என்னும் இடம் உண்டு. 1869ஆம் ஆண்டிற் தோன்றிய இலைநோய் காப்பிப் பயிரை அழித்தது. அதனால் நலிவுற்ற தோட்டங்களை 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த தாமஸ் லிப்டன் வாங்கினார். அவர் அவ்வுச்சியில் அமர்ந்து தம் நிலப்பரப்பைக் கண்டு களித்தார் என்பர். அமர்ந்து பார்த்தவர் பெயர் நிலைத்தது. கீழே நின்று கொழுந்து கொய்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பெற்றது. பதுளைப் பகுதியின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த இவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்றவர். 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவர்தம் கல்லறையையும் இடி பிளந்தது என்றும், அது யானைகளைக் கொன்ற பாவத்தின் பயன் என்றும் மக்கள் கூறுவர். ஆள்வோர் கோயில் எழுப்பி நினைவு கூர்ந்தவரை, ஊரார் தம் நீதியுணர்வால் வேறு வகையில் நினைவு கூர்ந்தனர்.

இனிப் புகையிரதப் பாதைக்கு வருவோம். அப்பாதை 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயே. எல்லையூருக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது. முதலாம் உலகப் போரினால் உருக்குக் கிடையாமற் போகவே, உள்ளூரார் கல்லும் செங்கல்லும் கொண்டே இதனைக் கட்டினர் என்பது கதை. ஆனால், பொறியியலாளர் ஹரோல்ட் மார்வுட் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு இதனைக் கொங்கிரீட்டுப் பாலம் என்றே குறிக்கின்றது. மேலும், வளைவு என்பது சுமையை அழுத்தமாக மாற்றித் தூண்களுக்குச் செலுத்தும் அமைப்பு. அழுத்தத்தைத் தாங்கக் கல்லும் கொங்கிரீட்டும் போதியன. ஆதலின், உருக்கின்மைக்குப் போரைக் காரணமாகக் காட்ட வேண்டிய தேவையில்லை.

தெமோதரை நிலையத்தின் விந்தை இதனினும் பெரிது. மலைப்பாதையில் 44 அடிக்கு ஓரடிக்கு மேற்பட்ட சரிவு ஆகாது என்பது விதி. உயரமோ விரைவாகத் தாழ்கின்றது. எனவே பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைகின்றது. வழி தெரியாது திகைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டு இவ்வமைப்பைத் தெளிந்தார் என்பது கதை.

இக்கதை மெய்யோ பொய்யோ, அது கருதத்தக்கது. இவ்வழியின் சின்னங்களைப் பற்றிய பெருங்கதைகளுள் தோட்டத் தமிழர் ஒருவர் தோன்றுவது இவ்விடத்தில்தான். அவருக்கும் பெயரில்லை, தலைப்பாகை மட்டுமே உண்டு. அவரும் கூலியாளர் அல்லர்; தமிழகத்தில் ஆள்திரட்டி, கடனாற் பிணித்து, தோட்டத்தில் மேற்பார்த்தவர். கடன் தீர்த்தாலன்றித் தொழிலாளர் தோட்டம் மாற இயலாதவாறு செய்த ‘துண்டு’ முறை, பாலம் முற்றுப்பெற்ற அதே 1921ஆம் ஆண்டிற்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. பதுளையிலும் ஆலி-எலையிலும் வண்டியேறித் தலைமன்னார் நோக்கிச் சென்றோர், தெமோதரைச் சுற்றையும் ஒன்பது வளைவுகளையும் கடந்தே பிரிந்தனர். எஞ்சி நின்ற நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை நல்கியது.

பிற்காலத்தில் உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அப்பாலத்தைப் படம்பிடிக்க வந்தனர். படத்தில் வளைவுகளும் சூழ்ந்த தேயிலைச் சரிவும் ஒருங்கே விழுகின்றன. வளைவுகளைப் பற்றி வினவுவோர் பலர். அச்சரிவைப் பசுமையாக்கியவர் யாவர் என வினவுவோர்க்கே ஊவாவின் வரலாறு முழுமையாய்ப் புலப்படும்.