மூன்று ஞாயிறு, ஓர் அங்குலம்

மாஹிம் வந்து பதினாறு வருஷமாச்சு. போன மழைக்காலத்தில் எங்கள் பில்டிங் ஆன்ட்டி ஒருவர் எனக்கு டாட்டிங் சொல்லித் தந்தார். கைக்குட்டை ஓரத்தில் வைக்கும் லேஸ். இடக்கை விரல்களில் நூல் வளையம், வலக்கையில் குட்டி ஷட்டில். சூட்சுமம் ஒன்றுதான்: முடிச்சு ஷட்டில் நூலில் நிற்காமல் வளைய நூலுக்குத் தாவ வேண்டும். தாவாவிட்டால் வளையம் சுருங்காது. ஓர் அங்குலம் வர எனக்கு மூன்று ஞாயிறு!

போனில் சொன்னதும் அம்மா சிரித்தாள். "நம்ம இடையன்குடியில இல்லாத லேஸாட்டீ?"

அது வேறு முறை. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. 1820களில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் தொடங்கியது. 1844இல் கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார்.

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்ட பெண்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள். தினமும் லோன் கணக்கு பார்ப்பவள் நான். இப்படி ஒரு கணக்கை எந்த லெட்ஜரிலும் பார்த்ததில்லை.

உங்கள் ஆச்சியும் லேஸ் பின்னினாரா? இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.