பொம்மை எஞ்சினின் மூச்சு: மலிவான நீராவி ஒலிக்கு ஒரு சிறு வரலாறு

வாஷி நீராவி எஞ்சினின் ஊரன்று. 1992 மே மாதத்தில் மான்குர்டிலிருந்து கழிமுகத்தைக் கடந்து இங்கு வந்த முதல் ரயிலே மின்ரயில்தான். ஆயினும், மாதிரி ரயில் சேகரிக்கும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சார், இது பழைய டி.சி. வண்டி. அதிகச் செலவில்லாமல் இதற்கு நீராவிச் சத்தம் வைக்க முடியுமா?" தாம் கேட்டறியாத ஓர் ஒலியை அவர் பொம்மையிடம் எதிர்பார்த்தார். அக்கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தவற்றை இங்கே பதிவுசெய்கிறேன்.

முதலில் அந்த ஒலியின் இயல்பு. வழக்கமான நீராவி எஞ்சினில் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் ஆவி முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஆகவே சக்கரம் ஒரு முறை சுழன்றால் புகைபோக்கி வழியே நான்கு மூச்சுகள். நம் டபிள்யூ.பி. வகை எஞ்சினின் இயக்கு சக்கரம் ஏறத்தாழ 1.7 மீட்டர் விட்டம் உடையது. மணிக்கு 10 கிலோமீட்டரில் விநாடிக்கு இரண்டு மூச்சு. 60 கிலோமீட்டரில் பன்னிரண்டு. அந்த வேகத்தில் தனித்தனி மூச்சுகள் கலந்து ஓர் இரைச்சலாகிவிடுகின்றன. காது கணக்கெடுப்பது வண்டி புறப்படும் அந்தச் சில விநாடிகளைத்தான். அனுபவமுள்ள ஓட்டுநர்களும் பணிமனைக்காரர்களும் இந்தத் தாளத்தைக் கொண்டே எஞ்சினின் உடல்நிலையை அறிந்தனர். நான்கில் ஒன்று நொண்டினால் வால்வு அமைப்பில் கோளாறு என்று பொருள்.

அனலாக் மாதிரி ரயிலில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் 12 வோல்ட் வரை. வண்டி நின்றால் மின்சாரமும் இல்லை, எனவே ஒலிச்சுற்றுக்கு உணவும் இல்லை. இந்த ஒரே சிக்கலைச் சுற்றித்தான் இத்துறையின் வரலாறு முழுவதும் நகர்ந்திருக்கிறது.

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935இல் கரிப்பெட்டிக்குள் ஒரு சிறு மோட்டாரையும் காற்றூதியையும் வைத்து ஊதலை உண்டாக்கியது. அவ்வண்டிகள் ஓடியது மாறுமின்னோட்டத்தில். அதன்மேல் சிறிது நேர்மின்னோட்டத்தை ஏற்றினால் உள்ளிருக்கும் ரிலே விழித்துக்கொள்ளும். ஊதல் கிடைத்தது, மூச்சு கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ட்ரை-ஆங் ஹார்ன்பி, சொரசொரப்பான பரப்பில் ஓர் உலோகத் தகடு உரசும் எளிய அமைப்பைச் சில எஞ்சின்களில் பொருத்தியது. (ஹார்ன்பி என்றதும் பம்பாய்க்காரர்களுக்கு ஹார்ன்பி சாலை நினைவுக்கு வரும். அது பதினெட்டாம் நூற்றாண்டு ஆளுநர் வில்லியம் ஹார்ன்பியின் பெயர். பொம்மை ரயில் செய்த ஃபிராங்க் ஹார்ன்பி வேறு.) ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பசிஃபிக் ஃபாஸ்ட் மெயில், மேசையருகே ஒலியை உருவாக்கித் தண்டவாளம் வழியாகவே கரிப்பெட்டியின் ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. அருமையான ஏற்பாடு, ஆனால் எளியவர் கைக்கு எட்டாதது.

என் கணிப்பில், ஆய்வாளர் மதிக்க வேண்டியது அந்த உரசும் தகட்டைத்தான். அதன் ஒலி நீராவி போல இல்லை; எனினும் சக்கரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை அது காப்பாற்றியது. இன்று லாமிங்டன் சாலையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ சிறு தொகைக்கு வாங்கக்கூடிய ஒலிச்சில்லு அசல் எஞ்சினின் பதிவையே ஒலிக்கிறது. ஆனால் வண்டி நின்ற பின்னும் அது மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும்! சத்தம் மெய், உறவு பொய். மாணவருக்கு நான் சொன்ன வழி இரண்டையும் இணைப்பது: சக்கர அச்சில் நான்கு தொடுமுனைகள், ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு குறு ஒலி, சுற்றுக்குத் தனி மின்கலம். ஒலிபெருக்கியைப் பெரிதாக்கி மேசைக்கடியில் வைத்தால் செலவு இன்னும் குறையும், அடித்தொனியும் கிடைக்கும்.

எஞ்சியது, எந்த எஞ்சினின் ஒலி என்ற கேள்வி. கடையில் கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய எஞ்சின்களுடையவை. மும்பையில் மின்ரயில் 1925 பிப்ரவரி 3 அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. 1930க்குள் போர் கணவாய் வழியாகப் புணே வரை மின்மயமாயிற்று. ஆகவே மாட்டுங்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சென்னை வண்டியில் ஊருக்குப் புறப்பட்டபோது, எஞ்சின் மாறிய புணேக்குப் பிறகுதான் நீராவியின் மூச்சு அவர்களோடு பயணம் செய்தது. அகலப்பாதையில் அந்த மூச்சு 1995இல் அடங்கியது. நம் வீடுகளில் தேதியிட்டுப் பாதுகாத்த பயணப் புகைப்படங்கள் உண்டு, ஒலிநாடாக்கள் அரிது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ, திருமணப் பதிவுக்கு நடுவே தற்செயலாக ஒரு நீராவி எஞ்சின் ஒலிக்கும் பழைய நாடா எவர் வீட்டிலாவது இருந்தால், அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். மாணவரின் எஞ்சின் இப்போதைக்கு மேலைநாட்டு மூச்சில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.